எழுத்து மட்டும் உள்ள இணையம்: கடைமடையிலிருந்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

திருத்துறைப்பூண்டி, மன்னார்குடி, கும்பகோணம், மயிலாடுதுறை என்று காவிரிப் படுகையில் ஆங்காங்கே இருக்கும் நாங்கள் ஏழு பேர். கோஃபர், ஜெமினி, ட்விடெக்ஸ்ட் என்ற எளிய நெறிமுறைகளில், அதாவது கணினிகள் தங்களுக்குள் எழுத்தைக் கேட்டுக் கொடுக்கும் முறைகளில், தமிழில் கட்டுரையும் குறும்பதிவும் எழுதுகிறோம், படிக்கிறோம், சின்ன சர்வர்களை ஓட்டுகிறோம். கல்யாண வீட்டிலும் பஸ்ஸிலும் டீக்கடையிலும் எங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கப்பட்டவற்றை இங்கே சேர்த்திருக்கிறேன். பதில்கள் என்னுடையவை. மற்ற ஆறு பேரும் எல்லாவற்றிலும் என்னோடு ஒத்துப்போக மாட்டார்கள்.

இது என்ன என்று சுருக்கமாகச் சொல்ல முடியுமா?

நீங்கள் தினமும் பார்க்கும் வெப் என்பது இணையத்தின் மேல் ஓடும் பல வண்டிகளில் ஒன்று. அதே சாலையில் ஓடும் சின்ன வண்டிகள் கோஃபரும் ஜெமினியும். பக்கத்தைக் கேட்டால் எழுத்து வரும், அவ்வளவுதான். விளம்பரம், தானாக ஓடும் வீடியோ, குக்கீ, 'எங்கள் செயலியை இறக்குங்கள்' என்று பாதித் திரையை மறைக்கும் பெட்டி, எதுவும் வராது. அவை வருவதற்கு அந்த நெறிமுறையில் இடமே வைக்கப்படவில்லை.

ஜெமினி என்றால் கூகுளின் செயற்கை நுண்ணறிவுதானே?

இல்லை. கூகுள் அந்தப் பெயரில் தன் மாதிரியை வெளியிட்டது 2023 டிசம்பரில். நாங்கள் சொல்லும் ஜெமினி நெறிமுறையை சோல்டர்பங்க் என்ற புனைபெயர்க்காரர் 2019 ஜூனில் தொடங்கினார். நாசாவின் விண்வெளித் திட்டங்களில் மெர்குரிக்கும் அப்பல்லோவுக்கும் நடுவில் வந்தது ஜெமினி. கோஃபருக்கும் வெப்புக்கும் நடுவில் நிற்பதால் இதற்கு அந்தப் பெயர். இது பயன்படுத்தும் போர்ட் எண், அதாவது சர்வரில் எந்தக் கதவைத் தட்ட வேண்டும் என்று சொல்லும் எண், 1965. ஜெமினி விண்கலத்தில் மனிதர்கள் முதன்முதலாகப் பறந்த ஆண்டு அது. ஜெமினியில் இருக்கும் ஒரு தளத்தைக் கேப்ஸ்யூல் என்று சொல்வதும் அந்த விண்கலத்தை வைத்துத்தான்.

கோஃபர் எப்போதோ செத்துப்போன சங்கதி அல்லவா?

சாகவில்லை. 1991இல் அமெரிக்காவின் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் மார்க் மெக்கஹில் தலைமையிலான குழு அதை உருவாக்கியது. பட்டியல் பட்டியலாக இருக்கும்: ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தால் இன்னொரு பட்டியலோ ஒரு கோப்போ திறக்கும். ஒவ்வொரு வரியின் தலையிலும் ஒரே ஓர் எழுத்து, அது எந்த வகை என்று சொல்லும். 0 என்றால் எழுத்துக் கோப்பு, 1 என்றால் பட்டியல், 7 என்றால் தேடல். அரை நாளில் படித்துப் புரிந்துகொண்டுவிடலாம்.

1993 வசந்தத்தில் அந்தப் பல்கலைக்கழகம் தன் கோஃபர் சர்வர் மென்பொருளுக்கு உரிமக் கட்டணம் கேட்கப்போவதாக அறிவித்தது. அதே ஆண்டு ஏப்ரல் 30 அன்று ஜெனீவாவின் செர்ன் ஆய்வுக்கூடம் வெப்பை யாரும் காசு இல்லாமல் எடுத்துக்கொள்ளலாம் என்று எழுதிக் கொடுத்தது. கூடவே படம் காட்டும் உலாவிகளும் வந்தன. கூட்டம் அந்தப் பக்கம் போய்விட்டது. கட்டணம் ஒன்றுதான் காரணம் என்று சிலர் சொல்வார்கள். என் பார்வையில் படமும் பாதி காரணம். 2011இல் ஃபயர்ஃபாக்ஸ் 4 வந்தபோது கோஃபரைத் திறக்கும் வசதியையும் எடுத்துவிட்டார்கள். ஆனாலும் சர்வர்களை ஓட்டுபவர்கள் ஓட்டிக்கொண்டேதான் இருந்தார்கள். லிங்க்ஸ் என்ற பழைய எழுத்து உலாவி இன்றும் கோஃபரைத் திறக்கும்.

டெல்டாவில் உட்கார்ந்துகொண்டு இதெல்லாம் எதற்கு?

இந்தக் கேள்விக்கு என் பதில் 2018 நவம்பர் 16 அதிகாலையில் தொடங்குகிறது. கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்த இரவு. விடிந்தபோது எங்கள் தெருவில் ஒரு மின்கம்பமும் நேராக நிற்கவில்லை. தென்னை எல்லாம் படுத்திருந்தது. மின்சாரம் வர வாரக்கணக்கில் ஆயிற்று. ஜெனரேட்டர் வைத்திருந்த ஒரு வீட்டுத் திண்ணையில் ஊரே செல்போனை வரிசையில் வைத்து சார்ஜ் ஏற்றியது. கோபுரங்கள் ஒவ்வொன்றாக உயிர் பெற்றபோது கிடைத்தது 2ஜி சிக்னல், அதுவும் வந்து வந்து போகும்.

வேதாரண்யத்தில் என் அக்கா. அங்கே என்ன நிலைமை, எந்தப் பாதை திறந்திருக்கிறது, எந்தப் பள்ளியில் முகாம் என்று தெரிய வேண்டும். எல்லாம் இணையத்தில் இருந்தன, ஆனால் எதுவும் திறக்கவில்லை. தலைப்பு வரும், அப்புறம் வெள்ளைத் திரை, அப்புறம் பேட்டரி தீர்ந்துவிடும். எனக்குத் தேவைப்பட்டது மொத்தமே நாலு வரி.

பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தேன். நொடிக்கு 40 கிலோபிட் வரும் 2ஜி இணைப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய சாதாரண வெப் பக்கம் 2 எம்பிக்கு மேல் இருக்கிறது. அது இறங்க ஆறரை நிமிடத்துக்கு மேல் ஆகும், நடுவில் சிக்னல் அறுந்தால் மறுபடி முதலிலிருந்து. ஆயிரம் சொல் உள்ள தமிழ்க் கட்டுரை வெறும் எழுத்தாக வந்தால் ஏறக்குறைய 30 கேபி. ஆறு நொடி. எனக்கு வேண்டியிருந்த அந்த நாலு வரிக்கு ஒரு நொடிகூட ஆகாது.

ஜெமினியைப் பற்றி நான் கேள்விப்பட்டது அதற்கு ஒன்றரை வருஷம் கழித்து, ஊரடங்குக் காலத்தில். படித்ததும் அந்தத் திண்ணைதான் நினைவுக்கு வந்தது.

குறும்பதிவு என்கிறீர்களே, அது எப்படி?

ட்விடெக்ஸ்ட் என்பது ஒரு கோப்பு. 2016இல் பக்கெட் என்ற புனைபெயர் கொண்ட ஒருவர் வகுத்தது. அந்தக் கோப்பில் ஒரு வரி ஒரு பதிவு: தேதியும் நேரமும், அப்புறம் ஒரு டேப் இடைவெளி, அப்புறம் சொல்ல வந்த செய்தி. முடிந்தது. அந்தக் கோப்பை இணையத்தில் எல்லோரும் எடுக்கக்கூடிய ஓரிடத்தில் வைத்துவிட்டால் நீங்கள் குறும்பதிவர். என்னைப் பின்தொடர விரும்புகிறவர் என் கோப்பின் முகவரியைத் தன் செயலியில் சேர்த்துக்கொள்வார். அது அவ்வப்போது போய்க் கோப்பை எடுத்து, மற்றவர்களுடைய வரிகளோடு நேர வரிசையில் கோத்துக் காட்டும். உங்களுக்கு எது முதலில் தெரிய வேண்டும் என்று நடுவில் உட்கார்ந்து தீர்மானிக்க யாரும் இல்லை.

இதற்கும் ஒரு மூத்த வம்சம் உண்டு. 1971இல் ஸ்டான்ஃபோர்டில் லெஸ் எர்னஸ்ட் எழுதிய ஃபிங்கர் என்ற நிரல், ஒருவர் தன் கணினியில் எழுதி வைத்திருக்கும் 'இப்போது என்ன செய்துகொண்டிருக்கிறேன்' என்ற சிறு கோப்பை மற்றவருக்குக் காட்டும். ட்விட்டர் வருவதற்கு முப்பத்தைந்து வருஷம் முன்பே இது நடந்திருக்கிறது.

எங்கள் கோப்பில் வருவது பெரும்பாலும் தண்ணீர், மழை, கொள்முதல் நிலையம், பஸ், யார் வீட்டில் துக்கம் என்பவைதான். ஒரு வரியைக் காட்டுகிறேன், டேப் இருக்கும் இடத்தில் கோடு போட்டிருக்கிறேன்:

ஜூன் 21, காலை 7:10 | கண்டது: முள்ளியாற்றில் தண்ணீர் வந்தாயிற்று. வாய்க்காலில் ஏறவில்லை.

அசல் கோப்பில் தேதியும் நேரமும் எண்களாக இருக்கும், கடைசியில் இந்திய நேரத்துக்கான +05:30 சேரும். 'கண்டது' என்பது எங்கள் ஏற்பாடு. நேரில் பார்த்ததை எழுதினால் 'கண்டது' என்று தொடங்க வேண்டும். பிறர் சொல்லித் தெரிந்தால் 'கேட்டது'. செய்தித்தாளில் வந்த மேட்டூர் நீர்மட்டம் போன்றவை 'படித்தது'. இந்த மூன்று சொற்களை விடாமல் போட வேண்டும் என்பதில் மட்டும் நான் யாருக்கும் விட்டுக்கொடுப்பதில்லை. மதகு திறந்தாயிற்று என்று யாரோ சொன்னதை நம்பி ஒருவர் நாற்றங்காலுக்கு விதையை ஊறப்போட்டுவிட்டால், முளைகட்டிய நெல்லை அப்புறம் மூட்டைக்குள் திருப்பி வைக்க முடியாது.

வாட்ஸ்அப் குழு போதாதா?

அவசரத்துக்குப் போதும். நாங்களும் வைத்திருக்கிறோம். வேகத்தில் அதோடு போட்டி போடுவது எங்கள் நோக்கம் இல்லை.

ஆனால் ஒன்று கேட்கிறேன். மூன்று வருஷத்துக்கு முந்தைய ஜூனில் உங்கள் வாய்க்காலுக்கு என்றைக்குத் தண்ணீர் வந்தது என்று அந்தக் குழுவில் தேடி எடுக்க முடியுமா? போன் மாறியிருக்கும், இடம் போதாமல் பழையதை அழித்திருப்பீர்கள், இல்லையென்றால் ஆயிரம் காலை வணக்கப் படங்களுக்கு அடியில் அது கிடக்கும். எங்கள் கோப்பில் 'மதகு' என்று தேடினால் அத்தனை வருஷத்து வரிகளும் தேதியோடு ஒன்றன்கீழ் ஒன்றாக வரும்.

இது சின்ன விஷயம் இல்லை. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12 அன்று திறப்பார்கள். 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருந்தோம். திறந்த தண்ணீர் கல்லணைக்கு வந்து, அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று பிரிந்து, கிளையாறுகளில் இறங்கி, ஒவ்வொரு ஷட்டராகத் தாண்டி கடைமடைக்கு வர வேண்டும். திறந்த நாள் எல்லாச் செய்தித்தாளிலும் வரும். எங்கள் மதகுக்கு வந்து சேர்ந்த நாள் எந்தச் செய்தித்தாளிலும் வராது. அதை நாங்கள்தான் எழுதி வைக்க வேண்டும். குறுவை போடலாமா, நேராகச் சம்பாவுக்குப் போய்விடலாமா என்று யோசிக்கிறவருக்கு அந்த இரண்டாவது தேதிதான் வேண்டும்.

இதில் தமிழ் எழுத்து திரையில் ஒழுங்காகத் தெரியுமா?

நெறிமுறையைப் பொறுத்தவரை ஜெமினியில் தமிழுக்கு ஒரு குறையும் இல்லை. யூனிகோடு எழுத்துகளைப் பைட்டுகளாக எழுதும் யூடிஎஃப்-8 தான் அதன் இயல்பான குறிமுறை. இந்தப் பக்கம் தமிழில் இருக்கிறது என்று சர்வர் தன் பதிலிலேயே சொல்லவும் வழி வைத்திருக்கிறார்கள். கோஃபர் பிறந்தபோது யூனிகோடு பரவவில்லை. ஒரு கோப்பு எந்தக் குறிமுறையில் இருக்கிறது என்று சொல்ல அதில் இடம் இல்லை, படிக்கும் செயலிதான் ஊகிக்க வேண்டும். இன்றைய செயலிகள் பெரும்பாலும் யூடிஎஃப்-8 என்று எடுத்துக்கொள்வதால் பிழைத்துப்போகிறோம்.

கோஃபரில் இன்னொரு வழக்கம் உண்டு. வரியை எழுபது எழுத்து அளவில் கையால் உடைத்து எழுதுவார்கள். எல்லா எழுத்தும் ஒரே அகலம் என்ற எண்ணத்தில் வந்த பழக்கம் அது. தமிழில் 'ர'வும் 'ணௌ'வும் ஒரே அகலத்தில் அடங்குமா? அடங்காது. செல்போனில் பார்த்தால் ஒரு நீள வரி, ஒரு துண்டு வரி என்று படிக்கட்டு மாதிரி தெரியும். ஜெமினியில் ஒரு பத்தியை ஒரே வரியாக எழுதிவிட வேண்டும், திரைக்கு ஏற்ப மடிப்பது படிக்கும் செயலியின் வேலை. நான் கோஃபரை விட்டு ஜெமினியில் அதிகம் எழுதுவதற்கு இது ஒன்றே காரணம். கும்பகோணத்து நண்பர் இன்னும் கோஃபர் கட்சிதான். அவர் வரியை உடைப்பதே இல்லை, அதுவும் ஒரு தீர்வு.

சிக்கல் வருவது டெர்மினலில். கறுப்புத் திரையில் கட்டம் கட்டமாக எழுத்து வைக்கும் நிரல்கள், 'கொ'வில் இருக்கும் கொம்பை எழுத்துக்கு முன்னால் போட வேண்டும் என்று அறியாமல் தவிக்கும். எம்எல்டெர்ம் போன்ற சில டெர்மினல்கள் இதற்கென்றே எழுதப்பட்டவை. இல்லாவிட்டால் டெர்மினலை விட்டுவிட்டு ஜெமினியையும் கோஃபரையும் படிக்கும் லக்ராஞ் என்ற செயலியை எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் கட்டம் கட்டமாகத் தெரிந்தால் நோட்டோ சான்ஸ் தமிழ் எழுத்துருவைச் சேர்த்தால் சரியாகிவிடும்.

இன்னொன்று, தேடலில் ஏமாறாமல் இருக்க. 'கொ' என்பதில் உள்ள உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம், ஒற்றைக் கொம்பும் காலும் என்று இரண்டாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்று, கணினிக்கு வேறு வேறு. எங்கள் கோப்பில் 'கொள்முதல்' என்று தேடிப் பாதி வரிகள் அகப்படாமல் போனபோதுதான் இதைக் கண்டுபிடித்தோம். இப்போது ஏற்றுவதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம்.

எத்தனை எழுத்து எழுதலாம்?

தமிழுக்கு இது தனிக் கணக்கு, பொறுமையாகப் படியுங்கள். 'கும்பகோணம்' நமக்கு ஆறு எழுத்து. யூனிகோடில் 'கு'வின் உகரம், 'ம்'மின் புள்ளி எல்லாம் தனித்தனிக் குறி, ஆக பத்துக் குறி. யூடிஎஃப்-8இல் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட், ஆக 30 பைட். அதையே முகவரியில் எழுதினால் ஒவ்வொரு பைட்டும் சதவீதக் குறியோடு சேர்ந்து மூன்று எழுத்தாக நீளும், ஆக 90. ஆறு எழுத்து தொண்ணூறாகிவிட்டது.

ஜெமினியில் ஒரு கோரிக்கையின் முகவரி 1024 பைட்டைத் தாண்டக் கூடாது. வாசகர் கருத்து எழுதி அனுப்பினால் அதுவும் அந்த முகவரிக்குள்தான் அடங்க வேண்டும். ஆங்கிலத்தில் நீளமான பத்தியே எழுதலாம். தமிழில் எழுபது எழுத்தோடு நிறுத்திக்கொள்ள வேண்டியதுதான். அதற்கு மேல் எழுத வேண்டுமானால் டைட்டன் என்ற துணை நெறிமுறை இருக்கிறது, லக்ராஞ் அதை அறியும்.

ஐஆர்சி அரட்டையிலும் இதே கதை. 1988 ஆகஸ்டில் பின்லாந்தின் ஊலு பல்கலைக்கழகத்தில் யார்க்கோ ஓய்கரினென் எழுதியது. ஒரு செய்திக்கு 512 பைட்தான் எல்லை. அனுப்புபவர் பெயர், கட்டளை எல்லாம் போக மிஞ்சுவதில் தமிழ் தொண்ணூறு எழுத்து வந்தால் அதிகம். நீளமாக எழுதினால் கடைசி எழுத்து பாதியில் வெட்டுப்பட்டு ஒரு கேள்விக்குறியாகப் போய் நிற்கும். புதியவர்கள் தங்கள் விசைப்பலகை கெட்டுவிட்டது என்று நினைக்கிறார்கள், அது இந்த எல்லைதான்.

ட்விடெக்ஸ்டில் நாங்கள் ஒரு வரிக்கு 70 யூனிகோடு குறி என்று வைத்திருக்கிறோம். காரணம் கடைசிக் கேள்வியில்.

சர்வரை எங்கே வைப்பது? வீட்டிலேயே வைக்கலாமா?

வைக்கலாம், நானும் வைத்தேன். ராஸ்பெர்ரி பை ஜீரோ என்ற உள்ளங்கை அளவு கணினி, ஒரு மெமரி கார்டு, பழைய செல்போன் சார்ஜர். ஜெமினி சர்வருக்கு அது தாராளம். ஆனால் இரண்டு இடையூறுகள் வந்தன.

முதலாவது, நம் ஊரில் பல பிராட்பேண்ட் இணைப்புகளில் வீட்டுக்கென்று தனிப் பொது முகவரி கிடைப்பதில்லை. நூற்றுக்கணக்கான வீடுகளை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருப்பார்கள். உள்ளிருந்து வெளியே போகலாம், வெளியிலிருந்து உங்கள் வீட்டுக் கதவை யாரும் தட்ட முடியாது. ஐபிவி6 என்ற புது வகை இணைய முகவரி கிடைத்தால் கொஞ்சம் வழி பிறக்கும், ஆனால் படிக்கிறவருக்கும் ஐபிவி6 இருக்க வேண்டும்.

இரண்டாவது, மின்வெட்டு. மாதாந்திரப் பராமரிப்புக்கு முன்னறிவிப்போடு நிறுத்துவது பரவாயில்லை. மழைக்காலத்தில் ஒரு மணி நேரத்தில் நாலு தடவை வந்து போகுமே, அதில் என் மெமரி கார்டு எழுதிக்கொண்டிருந்தபோதே அறுபட்டுக் கெட்டுவிட்டது. எழுத்தெல்லாம் மன்னார்குடி நண்பரிடம் நகல் இருந்தது. சர்வரின் ரகசியச் சாவியை மட்டும் எங்கும் நகல் எடுக்காமல் விட்டிருந்தேன். ஜெமினியில் ஒவ்வொரு தளத்துக்கும் அதன் சாவியோடு இணைந்த அடையாளச் சான்றிதழ் ஒன்று உண்டு, அதை முதல் தடவை பார்க்கும்போதே வாசகரின் செயலி நினைவில் வைத்துக்கொள்ளும். அடுத்த முறை வேறு சான்றிதழ் வந்தால் எச்சரிக்கும். நான் புதுச் சாவியோடு திரும்பி வந்ததும் எல்லா வாசகர்களுக்கும் அந்த எச்சரிக்கை போயிற்று. மயிலாடுதுறையிலிருந்து ஒருவர் போன் செய்து, "தம்பி, உங்க இடத்துல வேற யாரோ உட்கார்ந்திருக்காங்க போல" என்றார். அவர் அப்படிக் கேட்டது எனக்குப் பெரிய நிம்மதி. நெறிமுறை செய்ய வேண்டியதைச் செய்திருக்கிறது, மனிதரும் அதைக் கவனித்திருக்கிறார்.

இப்போது சாவியும் எழுத்தும் மூன்று ஊரில் மூன்று வீட்டில் இருக்கின்றன. புதிதாகத் தொடங்குகிறவருக்கு நான் சொல்வது: வீட்டில் வேண்டாம், பலர் பகிர்ந்து பயன்படுத்தும் பொது யூனிக்ஸ் கணினிகளில் கணக்குத் தொடங்குங்கள். எஸ்டிஎஃப் 1987லிருந்து இருக்கிறது. 2014இல் பால் ஃபோர்டு ஆரம்பித்த டில்டே கிளப்பைப் பார்த்து அதே மாதிரி பல சமூகங்கள் பிறந்தன. தன்னார்வலர்கள் நன்கொடையில் நடத்துகிறார்கள். அவர்களுடைய விதிகளைப் படித்துவிட்டு, மரியாதையோடு ஒரு அறிமுகம் எழுதினால் போதும்.

செல்போனில் படிக்க முடியுமா?

முடியும். லக்ராஞ் ஆண்ட்ராய்டிலும் ஐஃபோனிலும் உண்டு. செயலியே வேண்டாம் என்றால் ஜெமினிப் பக்கங்களை வெப்பில் காட்டும் வாயில்களும் இருக்கின்றன.

படம் போட முடியாதா?

படத்துக்கு இணைப்புக் கொடுக்கலாம், அழுத்தினால்தான் இறங்கும். பக்கத்தோடு தானாக வராது. ஆனைக்கொம்பன் தாக்கிய பயிரை வேளாண் அலுவலரிடம் காட்ட வேண்டும் என்றால் வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள், அதற்கு அதுதான் சரி.

புரோகிராமிங் தெரிய வேண்டுமா? ஆங்கிலம்?

படிக்க இரண்டும் வேண்டாம். எழுத, ஜெமினியின் எழுத்து முறையில் நினைவில் வைக்க வேண்டியவை மிகக் கொஞ்சம். # போட்டால் தலைப்பு. * போட்டால் பட்டியல். > போட்டால் மேற்கோள். => போட்டு முகவரி எழுதினால் இணைப்பு. இணைப்பு தனி வரியில்தான் வரும், பத்தி நடுவில் வராது. முதலில் அது எனக்கு எரிச்சலாக இருந்தது, இப்போது பத்தியைப் படித்து முடித்த பிறகே வேறெங்கும் போவது பழகிவிட்டது. நான்கைந்து மாதிரி வரிகளை எழுதிக் காட்டினால் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் அரை மணியில் பிடித்துக்கொள்கிறார்கள்.

சர்வர் அமைக்கக் கொஞ்சம் ஆங்கிலம் தேவைப்படுகிறது என்பதை மறைக்கவில்லை. அந்த வழிமுறைகளைத் தமிழில் எழுதிக்கொண்டிருக்கிறோம். பாதி முடிந்திருக்கிறது.

தண்ணீர்க் கணக்கு தவிர வேறு என்ன எழுதுகிறீர்கள்?

எனக்கு மிகப் பிடித்த வேலை இதுதான். மதுரைத் திட்டம் 1998 பொங்கல் நாளில் தொடங்கியது. சுவிட்சர்லாந்தில் இருந்த கு. கல்யாணசுந்தரம் முன்னெடுக்க, உலகம் முழுவதிலுமிருந்து தமிழர்கள் வீட்டில் உட்கார்ந்து பழைய நூல்களைத் தட்டச்சுச் செய்து கொடுத்தார்கள். ஒவ்வொரு கோப்பின் முகப்பிலும் தட்டியவர், பிழை பார்த்தவர் பெயர்கள் இருக்கும். அந்த முகப்பை மாற்றாமல் வைத்திருந்தால் யாரும் கோப்பைப் பகிரலாம். யூனிகோடுக்கு முன்பு அவை டிஸ்கி போன்ற குறிமுறைகளில் இருந்தன, பிறகு மாற்றினார்கள். குறிமுறை மாறியும் நூல்கள் பிழைத்ததற்குக் காரணம் அவை வெறும் எழுத்தாக இருந்ததே என்று உறுதியாக நம்புகிறேன்.

அங்கிருந்து தேவாரப் பதிகங்களை ஊர் வாரியாக ஜெமினிப் பக்கங்களாக அமைக்கிறோம். சீர்காழி, திருவாரூர், திருமறைக்காடு என்று படுகை முழுவதும் பாடல் பெற்ற ஊர்கள்தான். செய்யுளுக்கு ஜெமினி நல்ல வீடு. ஒரு வரியை எங்கே முடித்தோமோ அங்கேதான் முடியும், இரண்டு வரியை ஒட்டிப் போடாது. வெப்பில் ஓர் அடியை மடக்கி நிறுத்த நான் பட்ட பாடு இங்கே இல்லை. கோவிலில் நின்று செல்போனில் அந்த ஊர்ப் பதிகத்தைத் திறந்தால், கருங்கல் மண்டபத்துக்குள் ஒற்றைக் கோடு சிக்னலிலும் வந்துவிடுகிறது.

யாராவது உங்களை வேவு பார்க்க முடியுமா?

ஜெமினியில் எல்லாப் போக்குவரத்தும் கட்டாயமாகக் குறியாக்கம் செய்யப்பட்டது. குக்கீ இல்லாததால் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்கு உங்களைப் பின்தொடர வழி இல்லை. உங்கள் ஐபி முகவரி மட்டும் சர்வருக்குத் தெரியும். கோஃபரில் குறியாக்கம் கிடையாது, நடுவில் இருப்பவர் படிக்கலாம். மறைக்க வேண்டியதை அங்கே எழுதாதீர்கள்.

மொத்தம் எத்தனை பேர் படிக்கிறார்கள்?

கொஞ்சப் பேர். நாங்கள் எண்ணுவதில்லை, எண்ணுவதற்கான கருவியையும் வைக்கவில்லை. எங்களில் சிலருக்கு இதில் வருத்தம் உண்டு. எனக்கு இல்லை. 2000களில் தமிழ் வலைப்பதிவுகள் கொழித்த காலத்தில் நானும் எழுதினேன். தமிழ்மணம் போன்ற திரட்டிகள் இருந்தன, ஓர் இடுகைக்கு ஐம்பது பின்னூட்டம் வந்தது. பிறகு கூகுள் ரீடர் 2013 ஜூலையிலும் கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலிலும் மூடப்பட்டன. அங்கே பேசிக்கொண்டிருந்த பல பேர் எங்கே போனார்கள் என்று இன்றுவரை எனக்குத் தெரியவில்லை. இப்போது என்னைப் படிக்கிற இருபது பேரில் பாதிப் பேருடைய வீடு எனக்குத் தெரியும்.

செல்போனில் இதெல்லாம் திறக்கத் தெரியாத பெரியவர்களுக்கு?

அதற்குத்தான் 70 குறி. ஒரு தமிழ் எஸ்எம்எஸ் 70 யூனிகோடு குறிகளைத் தாண்டினால் இரண்டாகப் பிரியும். ஆங்கிலத்துக்கு 160, நமக்கு 70. எங்கள் ஒவ்வொரு வரியும் ஒரே எஸ்எம்எஸ்ஸில் அடங்கும்படி வைத்திருக்கிறோம். தண்ணீர் விடும் காலத்தில் தினமும் காலையில் கடைசி வரியை வெட்டி, பட்டன் போன் வைத்திருக்கும் பதினான்கு பேருக்கு நான் கையால் அனுப்புகிறேன். இணையமே இல்லாத போனிலும் போய்ச் சேரும்.

என் பெரியப்பாவுக்கு எழுபத்தாறு வயது. அவர் அந்த எஸ்எம்எஸ்ஸைப் படித்துத் தினசரி காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதி, கிழிக்காமல் மடித்து வைக்கிறார். சென்ற ஜூனில் ஒரு நாள் விடியற்காலை ஐந்தரைக்கு எனக்குப் போன் வந்தது. "மதகுல தண்ணி ஏறிடுச்சுடா. நானே போய்ப் பார்த்தேன். கேட்டதுன்னு போடாத, கண்டதுன்னே போடு" என்றார். அவர் பெயரைச் சேர்த்து, கண்டது என்றே போட்டேன்.